மவுஸ் சக்கரமும் மூன்றாவது மாமனும்

நம்முடைய தமிழ் எடிட்டர் மென்பொருளின் நிரலில், மவுஸ் சக்கரத்தைக் கவனிக்கிற பகுதியில், ‘மிச்சம்’ என்று ஒரு மாறி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர். சுற்றிலும் உள்ள மாறிகளெல்லாம் கோட்டு சூட்டுப் போட்டு நிற்க, இது மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களில் ஒருவராவது அதைக் கண்டுபிடித்து, ‘இது எதற்கு, எடுத்துவிடலாமா’ என்று கேட்டுவிடுகிறீர்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி போனில் தேடி வருகிறது. சமீபத்தில் வந்த ஒரு பெண் கேட்கக்கூட இல்லை, எடுத்தே விட்டாளாம். ராஜன் பார்த்துத் திரும்பச் சேர்த்தானாம். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துவிட்டது. எனவே ஒரு தடவை எழுதியே கொடுத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுங்கள், என் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புரோகிராமர் இல்லை. சுசீந்திரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு வந்து டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். 2004-இல் இந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது, தமிழ் வேகமாக அடிக்கத் தெரிந்த ஒருவர் சோதனை வேலைக்கு வேண்டும் என்றார்கள், வந்தேன். ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு அறை. மற்றவர்கள் எழுதியதை உடைத்துக் காட்டுவது என் வேலை. சொல்லிக்கொள்வதில் வெட்கம் கிடையாது, நன்றாகவே உடைத்தேன். இன்று உங்களுக்கெல்லாம் தலைவனாக இருக்கும் ராஜன் அப்போது எதையும் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிற புரோகிராமர். அரை மணி நேரத்தில் முடித்ததைச் சரிசெய்ய அரை நாள் ஆகும் என்பது வேறு விஷயம். இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான், வரட்டும்.

இது நடந்தது 2008 வாக்கில். அப்போது நம் எடிட்டரை நம்பிப் பிழைத்த இடங்களில் வடசேரிப் பக்கம் இருந்த ஓர் அச்சகமும் ஒன்று. அதன் உரிமையாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியம் என்று எல்லாம் அவர் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். நம் மாவட்டத்து அழைப்பிதழ்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை பெண் பெயர் நாலு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் படிப்போடும் பதவியோடும் ஊரோடும் வரிசையாக வந்து நிற்பார்கள். அந்த வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனால் கல்யாணம் நடக்கும், ஆனால் அந்தக் குடும்பத்தில் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை நடக்காது.

அங்கே பெயர்களை அடிக்கிறவள் சகாயமேரி. மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வருகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அடித்து முடித்ததும் சரிபார்ப்பார்கள். அதற்கு அந்த அச்சகத்தில் ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி ராகம் போட்டு உரக்க வாசிப்பார். சகாயமேரி திரையைப் பார்த்துக்கொண்டே வருவாள். அவர் வாசிக்கிற வரி எப்போதும் திரையின் உச்சியில் நிற்கும்படி மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போவாள். வாசித்த வரி மேலே மறையும், அடுத்த வரி உச்சிக்கு வரும். மறைந்தது சரியானது, இருப்பது இனிமேல் பார்க்க வேண்டியது. வேறு அடையாளம் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். பார்க்க அழகாக இருக்கும்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“டீச்சரே, உங்க எடிட்டரு ஒரு தாய்மாமனை முழுங்கிட்டு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஒரு வீட்டுக் கல்யாண அழைப்பிதழில் பெண்ணின் தாய்மாமன் பெயர் இல்லாமலே அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. சித்தப்பாவின் சகலை பெயர் இருக்கிறது, பெண்ணின் சொந்த மாமன் பெயர் இல்லை. மாமன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் அப்பா தட்டில் பழத்தையும் வெற்றிலையையும் வைத்துக்கொண்டு மைத்துனரின் வாசலில் நின்றுவிட்டு, நேரே அச்சகத்துக்கு வந்து கத்தியிருக்கிறார். அண்ணாச்சி எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்.

“இன்னொரு பேரு விட்டுப்போச்சுன்னா நீ வரண்டாம்னு சகாயத்துக்கிட்ட சொல்லிட்டேன். அவ உங்க எடிட்டரு வரிய முழுங்குகுன்னு சொல்லுகா. உள்ளதா இல்லியான்னு வந்து பாருங்க” என்றார்.

சகாயமேரியின் வேலை அந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் ராஜன் போனான். போனவன் அவளுடைய மவுஸைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, பம்பரம் விடுவது போலச் சக்கரத்தைச் சுழற்றினான். பக்கம் விர்ரென்று மேலே போனது, விர்ரென்று கீழே வந்தது.

“மவுசும் சரியா இருக்கு, எடிட்டரும் சரியா இருக்கு, அக்கா. ஆளுதான் சரியில்ல” என்றான்.

நான் வேலை கற்றுக்கொண்ட நாட்களில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் கோபப்படுவார். அவர் அடிக்கடி சொல்லுவார்: புகார் சொல்கிறவர் காரணத்தைத் தப்பாகச் சொல்லுவார், ஆனால் வலிக்கிற இடத்தைத் தப்பாகச் சொல்ல மாட்டார். எடிட்டர் வரியை விழுங்குகிறது என்பது காரணம், அதை விட்டுத் தள்ளலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி காணாமல் போகிறது என்பது வலி. அதை எப்படித் தள்ள முடியும்?

“மக்கா, நீ மவுசை எடுத்துட்டு வந்துட்ட. அவளுக்க விரலை எடுத்துட்டு வந்தியா?” என்று கேட்டேன். ராஜன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மவுஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன்.

சகாயமேரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “திரையைப் பாக்க மாட்டேன், உன் கையத்தான் பாக்கப் போறேன். எப்பவும் போல உருட்டு” என்றேன்.

அவளுடைய வலது சுட்டுவிரலின் கணு வீங்கியிருந்தது. பழைய மவுஸின் சக்கரம் விறைப்பானது, கடக் கடக்கென்று ஒவ்வொரு பல்லாகத் திரும்பும். நாள் முழுவதும் அதை உருட்டி விரல் மடங்காமல் போய், நெய்யூரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் விரலுக்கு ஓய்வு கொடு என்று சொல்லியிருக்கிறார். அச்சகத்தில் விரலுக்குத் தனியாக லீவு யார் கொடுப்பார்கள்? ஷார்ஜாவில் இருக்கிற அவளுடைய அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் சோப்புக்கும் பால்பொடிக்கும் நடுவில் வைத்து ஒரு புது வகை மவுஸைக் கொடுத்தனுப்பினான். அதன் சக்கரத்தில் பல்லே கிடையாது. தொட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றும். அந்த மாதிரி மவுஸ் அப்போது நாகர்கோவில் கடைகளில் நான் பார்த்ததே இல்லை. நம் ஆபீசிலும் ஒன்றுகூடக் கிடையாது.

சகாயமேரி உருட்டினாள். உருட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தடவினாள். நோகிற விரலின் நுனியால், பூக்கட்டுகிறவர்கள் நூலை நகர்த்துகிற அளவுக்கு மெதுவாக. விரல் அசைந்தது. அப்போதுதான் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். திரை அசையவில்லை. மறுபடி தடவினாள், அசையவில்லை. மறுபடியும் அதேதான். பிறகு பொறுமை போய்ச் சற்று அழுத்தித் தள்ளினாள். ஆறு வரி ஒரேயடியாக மேலே பறந்தது.

“இப்பிடித்தான் யக்கா. கொஞ்ச நேரம் அனங்காது. பொறவு முழுங்கிரும்” என்றாள்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். புரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். சாதாரண மவுஸின் சக்கரம் ஒவ்வொரு கடக்குக்கும் நூற்றிருபது என்ற எண்ணை அனுப்பும். அந்த எண்ணை நூற்றிருபதால் வகுத்து, எத்தனை முழுசு என்று பார்த்து, ஒரு முழுசுக்கு மூன்று வரி நகர்த்துவது நம் நிரலின் வேலை. ஆனால் அண்ணன் அனுப்பிய மவுஸில் கடக் இல்லை. கொஞ்சம் அசைந்தால் கொஞ்சமாக, பத்து, பதினைந்து, முப்பது என்று அனுப்பும். முப்பதில் எத்தனை நூற்றிருபது? பூஜ்யம். அடுத்த முப்பதுக்கும் பூஜ்யம். முழுப் படி நெல்லாகக் கொண்டுவந்தால் அளப்பேன், கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்தால் தெருவில் கொட்டுவேன் என்பது நம் எடிட்டரின் நியாயம். அவள் ஆத்திரப்பட்டுத் தள்ளினால் ஒரே தடவையில் பெரிய எண் வரும், வரிகள் கூட்டமாக ஓடும். ராஜன் ஆபீசில் பம்பரம் விட்டதால் அவனுக்கு எப்போதும் பெரிய எண்தான் வந்தது. அவனுக்குப் பிழை எப்படித் தெரியும்?

மாமன் எப்படிக் காணாமல் போனார் என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நான் அடிக்கும்போதே அந்தப் பேரை விட்டுட்டேன் யக்கா, அது எனக்க தப்புதான். ஆனா அண்ணாச்சி வாசிக்கும்போது காதுல கேட்டுது. திரையில பாத்தா இல்ல. சரி, மேல போயிருக்கும்னு நெனச்சேன். அதுதான் எப்பவும் முழுங்குகே.”

வரி ஓடிப்போவதை நான் பெரிய பிழையாக நினைக்கவில்லை. திரும்ப உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெண் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டாள். பெயர் இல்லை என்று கண் சொல்கிறது, இருந்திருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். இதை அவளுக்குப் பழக்கியது நாம் எழுதிக் கொடுத்த எடிட்டர். எனக்குக் கோபமான கோபம் வந்தது, அதை எடுத்துக்கொண்டு போய் ராஜனிடம் கொட்டினேன்.

ராஜன் நல்ல பையன். தப்பு என்று தெரிந்தால் வாதாட மாட்டான். அரை மணி நேரத்தில் முடித்துத் தந்தான். ஒரு முழுசுக்குக் குறைவாக எது வந்தாலும் அதை ஒரு முழுசாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தான். அன்று மத்தியானமே அச்சகத்தில் போய் ஏற்றினோம். அண்ணாச்சி ஒரு சர்ச் திருவிழா நோட்டீஸை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். சகாயமேரி சக்கரத்தைத் தொட்டாள்.

தொட்டதுதான். ஒவ்வொரு துளி அசைவுக்கும் மூன்று வரி. முதல் நாள் கொடியேற்றம் கண்முன்னால் ஓடியது, ஐந்தாம் நாள் நோயாளிகளுக்கான ஜெபம் ஓடியது, பத்தாம் நாள் தேர்ப்பவனி ஓடி, நன்றி நவிலலையும் தாண்டி வெள்ளைத் தாளில் போய் நின்றது.

“ஏட்டி, நிறுத்துட்டி! திருவிழா முடிஞ்சு போச்சு!” என்று அண்ணாச்சி கத்தினார். சகாயமேரி இரண்டு கையையும் மவுஸிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டாள். எனக்கும் ராஜனுக்கும் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணாச்சி மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் முன்னால் போட்டார். நாஞ்சில் நாட்டில் பேர்பெற்ற ஒரு குடும்பத்துக் கல்யாணம். அதில் தாய்மாமன்மார் மட்டும் ஐந்து பேர்.

“நாளைக்கு மறுநாள் காலையில நல்ல நேரம் பாத்து முதல் கார்டை சுசீந்திரத்துல சாமிக்கு முன்னால வைக்கணும்னு சொல்லியிருக்காவ. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் அச்சுக்கு விடணும். அஞ்சு மாமனையும் ஒழுங்கா எறக்கித் தாங்க டீச்சரே. இல்லன்னா உங்க எடிட்டரும் வேண்டாம், இவளும் வேண்டாம்.”

அச்சக வாசலில் நின்று ராஜன் ஒரு யோசனை சொன்னான். நாளைக்கு ஒருநாள் மட்டும் பழைய மவுஸை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவோம், நாம் நிதானமாகச் சரிசெய்வோம் என்றான். அது மோசமான யோசனை இல்லை. நெருக்கடியில் முதலில் தோன்றுகிற யோசனைகள் பெரும்பாலும் அப்படித்தான் நியாயமாகவே இருக்கும். நான் உள்ளே போய்ச் சகாயமேரியிடமே கேட்டேன்.

“ஒருநாளுதானே, விரலு நொந்தாலும் உருட்டிருவேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா பழசுலயும் எனக்குப் பயமாத்தான் இருக்கும் யக்கா. ஒரு பேரு இல்லன்னா, இல்லன்னு சொல்ல இப்ப எனக்கு வாய் வராது” என்றாள்.

அதைக் கேட்ட பிறகு பழைய மவுஸ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று ராஜனிடம் சொல்லிவிட்டேன். கீழ் அம்புக்குறியை அழுத்தலாமே என்று நீங்கள் யாராவது கேட்பீர்கள். அது கர்சரை நகர்த்தும், பக்கத்தை நகர்த்தாது. அவளுடைய முறையில் வாசிக்கிற வரி உச்சியில் இருக்க வேண்டும். அவள் முறையை மாற்றச் சொல்லலாமே என்பீர்கள். ஐந்து மாமன்மார் காத்திருக்கும்போது யாரும் நடையை மாற்றக் கூடாது.

சாயங்காலமே ராஜன் சரியான வழியைப் பிடித்துவிட்டான். வருகிற எண்ணைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்துக்கொண்டே போவது. நூற்றிருபதுக்கு மூன்று வரி என்றால் நாற்பதுக்கு ஒரு வரி. சேர்ந்தது நாற்பதைத் தொட்டதும் ஒரு வரி நகர்த்து, போக மீதியை அடுத்த அசைவுக்கு வைத்துக்கொள். அந்த மீதியை வைக்கிற இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டான். மிச்சம்தானே, மிச்சம் என்றே வை என்றேன். அதற்கு மேல் யோசிக்க எங்களுக்கு அன்று தெம்பில்லை.

மறுநாள் காலையில் நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது ராஜன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். “நல்லா ஓடுகு அக்கா. கொண்டு போய் ஏத்திருவோமா?” என்றான். திரையில் ஓட்டிக் காட்டினான், அருமையாக ஓடியது. எனக்கும் ஏற்றிவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் முந்தைய நாள் நோட்டீஸ் ஓடிய ஓட்டம் கண்ணிலேயே நின்றது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அச்சகத்தில் என்ன செய்வார்களோ அதை இங்கே செய்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

முந்தைய நாளே சகாயமேரியிடமிருந்து மவுஸை இரவல் வாங்கி வந்திருந்தேன். நான் அவளாக உட்கார்ந்தேன், ராஜன் அண்ணாச்சியாக நின்றான். பழைய அழைப்பிதழ் ஒன்றை எடுத்து ராகத்தோடு வாசித்தான். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பேக்கரிக்காரர்கூட மேலே வந்து எட்டிப் பார்த்து, இந்த ஆபீசில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார். விரல் நோகிறவள் போலவே நானும் தடவித் தடவி உருட்டினேன். ஒவ்வொரு வரியாக உச்சிக்கு வந்தது. எனக்குப் பூரிப்பாக இருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. வாசிக்கும்போது நடுவில் யாராவது வந்து பேசினால் நிறுத்திவிடுவார். பேசி முடித்ததும் எங்கே விட்டோம் என்று மறந்துபோய், “மேல போ, மேல போ” என்பார்.

“மக்கா, மேல போகச் சொல்லு” என்றேன்.

“மேல போ” என்றான். நான் மேல்நோக்கித் தடவினேன். திரை அசையவில்லை. மறுபடி தடவினேன், அசையவில்லை. என்னை அறியாமல் அழுத்தித் தள்ளினேன், மூன்று வரி எகிறியது. பழைய குருடி கதவைத் திறடி என்று வந்த இடத்துக்கே வந்துவிட்டோம். கீழே போகும்போது சேர்த்து வைத்த மிச்சம் முப்பத்தைந்து கையில் இருந்தது. மேலே திரும்பும்போது அந்த முப்பத்தைந்தைக் கரைத்த பிறகுதான் புதிய நாற்பதைச் சேர்க்கத் தொடங்கியது நிரல். திசை மாறினால் பழைய மிச்சத்தைக் கீழே போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் போன். “டீச்சரே, எங்க இருக்கிய? மணி பத்தாச்சு.”

எல்லாம் முடிந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. “இன்னும் ஒரு மணி நேரம் வேணும் அண்ணாச்சி. கீழ போறது சரியாயிட்டு, மேல போறது சரியாகல” என்றேன். அவர் பதிலுக்குச் சொன்னதையெல்லாம் அச்சில் போட முடியாது. நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் ஓய்ந்ததும், “ஒரு மணி நேரம்” என்று மறுபடி சொன்னேன். ராஜன் அதற்குள் தட்ட ஆரம்பித்திருந்தான். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த பெரிய முடிவு எது என்று கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்லுவேன். நேரம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். திட்டு விழும், விழட்டும், அது காதோடு போய்விடும்.

சொன்ன நேரத்துக்குள் மேலே போவதையும் சரிசெய்து, அச்சகத்தில் ஏற்றி முடித்ததும் சகாயமேரி சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாகக் கீழே போனாள், மேலே வந்தாள். அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

“நீங்க என்னத்த மாத்துனிய யக்கா? ஒண்ணும் மாத்துன மாதிரியே இல்லியே” என்றாள்.

ராஜனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சக்கரம் என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்துவிட்டாள் என்றால் அதைவிட நமக்கு என்ன நற்சான்றிதழ் வேண்டும்?

ஆகவே அந்த மாறியில் கை வைக்காதீர்கள். அது என்ன கணக்கைச் செய்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். யாருக்காகச் செய்கிறது என்பது தெரிய வேண்டுமானால் அன்று அதற்கடுத்து நடந்ததையும் கேளுங்கள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். கோபம் இன்னும் போகவில்லை, வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். மணமகனின் பெரியப்பாமார் போனார்கள், அத்தைமார் போனார்கள். நடுவில் மை கொண்டுவந்த ஆள் ஏதோ கேட்க, நிறுத்திப் பேசிவிட்டு, “எங்க விட்டேன்? மேல போ, மேல போ” என்றார். சகாயமேரி தடவினாள். ஒரு வரி, இன்னொரு வரி என்று அடக்கமாக இறங்கி வந்து நின்றது.

மாமன்மார் வந்தார்கள். “ஆறுமுகம், எம்.ஏ., பி.எட்., தலைமை ஆசிரியர்” என்றார் அண்ணாச்சி. வரி உச்சிக்கு வந்து மறைந்தது. “வேலாயுதம், மின்வாரியம்” என்றார். வந்து மறைந்தது. “சிதம்பரதாணு, கிராம நிர்வாக அலுவலர், ஓய்வு” என்றார்.

உச்சியில் நின்ற வரி நீலகண்டன்.

சகாயமேரியின் விரல் நின்றுவிட்டது. அண்ணாச்சி அடுத்த பெயருக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தார். நான் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். என்னால் சொல்லியிருக்க முடியும், எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. நான் சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு யார் சொல்லுவார்கள்? அவள் விரல் மேல்நோக்கி ஒரு துளி அசைந்தது. ஒரு வரி மேலே, வேலாயுதம் வந்தார். ஒரு வரி கீழே, மறுபடி நீலகண்டன். நடுவில் யாரும் இல்லை.

“நில்லுங்க அண்ணாச்சி” என்றாள்.

“என்னட்டி?”

“சிதம்பரதாணு இல்ல.”

“மேல போயிருக்கும், பாரு.”

“மேல போகல அண்ணாச்சி. இதுல இல்லவே இல்ல. நான் அடிக்க விட்டுட்டேன்.”

அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ராஜன் வாசல் பக்கம் ஒரு எட்டு நகர்ந்துகொண்டான்.

“இல்லன்னா அடி. எனக்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா மாமன் வந்துருவானா?”

சகாயமேரி அடித்தாள். அடித்து முடித்து, வரியை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மூணாவது மாமன் வந்தாச்சு. நாலாவது மாமனை வாசிங்க அண்ணாச்சி. கொஞ்சம் பைய வாசிங்க.”